ஏரி மீனும் பண்ணை மீனும்: ஜிலேபிக் கெண்டையைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மீன் கடையில் விவரமறிந்தவர் என்று பெயரெடுக்க விரும்புகிறவர், ஜிலேபிக் கெண்டைக் கூடையின் முன் நின்றதும், விலையைக் கேட்பதற்கு முன்பே, "இது ஏரி மீனா, வளர்ப்பு மீனா?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்கிறவருடைய மனத்தில் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது: ஏரியிலும் கண்மாயிலும் தானாக வளர்ந்த மீன் சுத்தமானது, ருசியுள்ளது, உடம்புக்கு நல்லது; பண்ணையில் தீனி போட்டு வளர்த்த மீன் மருந்து ஏறியது, சப்பென்றிருப்பது, கூடியவரை விலக்கத் தக்கது. விற்கிறவரும் மனித சுபாவம் அறிந்தவராகையால், மீன் எங்கிருந்து வந்திருந்தாலும், "ஏரி மீன்தாங்க" என்று சொல்லிவிடுகிறார். விராலைப் பற்றியோ அயிரையைப் பற்றியோ இந்தக் கேள்வி எழுமானால் அதற்குத் தெளிவான அர்த்தம் உண்டு. அவை இந்த மண்ணின் ஜலத்தில் ஆதியிலிருந்து வாழ்ந்து வருகிறவை. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதன் கையால் கொண்டுவரப்பட்டு, வளர்ப்பதற்கென்றே குளத்தில் விடப்பட்டு, அங்கிருந்து தப்பி நாடெங்கும் பரவிய ஜிலேபிக் கெண்டையின் விஷயத்திலோ, நம் ஏரிகளில் இன்று துள்ளுகிற மீன் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பண்ணை மீனின் சந்ததியே. ஆகையால், ஏரியா பண்ணையா என்ற பாகுபாடு இந்த மீனைப் பற்றி நமக்கு எவ்வளவு சொல்லுகிறது, எவ்வளவு சொல்லாமல் மறைக்கிறது என்பதை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

நம் ஜிலேபிக் கெண்டைக்கு உலகம் வழங்கும் பொதுப் பெயர் திலாப்பியா. ஆனால் அந்தப் பெயர் குறிப்பது ஒரே மீனை அன்று. ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் தோன்றிய ஒரு பெரிய குடும்பத்தின் பல கிளைகள் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த எதல்வின் டிரவாவாஸ் என்ற அம்மையார் ஆயுள் முழுவதும் இந்த மீன்களைப் பரிசீலித்து 1983இல் வெளியிட்ட பெருநூலில், அவற்றைப் பிள்ளை வளர்க்கும் முறையைக் கொண்டே வகைப்படுத்திக் காட்டினார். தரையில் முட்டையிட்டுக் காவல் காப்பவை ஒரு வகை. ஆண் மாத்திரமோ ஆணும் பெண்ணும் சேர்ந்தோ வாயில் முட்டைகளைச் சுமப்பவை ஒரு வகை. தாய் மட்டுமே சுமப்பவை இன்னொரு வகை. நமக்குப் பரிச்சயமான மொசாம்பிக் திலாப்பியாவும், இன்று உலகப் பண்ணைகளை ஆளுகிற நைல் திலாப்பியாவும் கடைசி வகையைச் சேர்ந்தவை. குஞ்சு வாயிலிருந்து வெளியே வருவதையும், ஆபத்து நேர்ந்தால் மறுபடி வாய்க்குள் ஓடி ஒளிவதையும் கண்ட பண்டை எகிப்தியர், நைல் திலாப்பியாவை மறுபிறப்பின் சின்னமாகப் போற்றினார்கள். கி.மு. 1350ஐ ஒட்டிய நெபாமுன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற ஓவியத்தில், தோட்டத்தின் நடுவிலுள்ள செவ்வகத் தடாகத்தில் தாமரைக்கும் வாத்துக்கும் இடையே இந்த மீன்கள் நீந்துகின்றன. கட்டிய தடாகத்தில் நீந்துகிற அந்த மீனை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று அக்காலத்து எகிப்தியர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்துக்கு மொசாம்பிக் திலாப்பியா வந்து சேர்ந்த கதை ஜாவாத் தீவில் தொடங்குகிறது. 1930களில் கிழக்கு ஜாவாவின் தென் கரையில், பிளிட்டார் என்ற ஊருக்குத் தெற்கே செராங் ஆற்றின் முகத்துவாரத்தில், முஜாயிர் என்ற கிராமவாசி ஐந்து மீன்களைக் கண்டெடுத்து, உப்பு நீரில் வாழ்ந்த அவற்றைச் சிறிது சிறிதாக நன்னீருக்குப் பழக்கித் தம் குளத்தில் வளர்த்தார். தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளுக்குரிய மீன் அங்கே எப்படி வந்தது என்பது இன்றுவரை விளங்காத மர்மம். இந்தோனேசியாவில் அந்த மீன் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் அது சுற்றுப்புறத் தீவுகளுக்கும் மலாயாவுக்கும் பரவிற்று. யுத்தம் முடிந்த பின், பசியும் புரதப் பற்றாக்குறையும் பெரிய பிரச்சினைகளாக நின்ற தேசங்களெல்லாம், எதையும் தின்று எங்கும் வாழ்கிற இந்த மீனை வரப்பிரசாதமாகக் கருதி வரவேற்றன. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அது வந்தது 1952இல். மண்டபத்தில் அமைந்த கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பணிக்கரும் தம்பியும் அதன் சுபாவத்தைக் கவனித்து 1954இல் எழுதியிருக்கிறார்கள். ஆகையால் நம் நாட்டில் ஜிலேபிக் கெண்டையின் சரித்திரம் சர்க்கார் தொட்டியில் தொடங்குகிறது.

இந்த மீன் செய்த நன்மையை அறிய விரும்புகிறவர்கள் இலங்கையைத்தான் பார்க்க வேண்டும். அத்தீவில் இயற்கையான பெரிய ஏரிகள் இல்லை. இருப்பவையெல்லாம் பழைய அரசர்கள் வயலுக்குத் தண்ணீர் தேக்குவதற்காகக் கட்டியவை, பிற்காலத்தார் அவற்றைப் பின்பற்றிக் கட்டியவை. சுதேச மீன்களோ ஆற்றின் ஓட்டத்திலும் சதுப்பிலும் வாழப் பழகியவை. பராக்கிரம சமுத்திரம் போன்ற விசாலமான தேங்கிய நீர்ப்பரப்பின் நடுவைத் தங்கள் வீடாக ஆக்கிக்கொள்ளும் திறமை அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. நூற்றாண்டுகளாக அந்தக் குளங்களின் பாசியும் மிதக்கும் நுண்ணுயிரும் தின்பாரற்றுக் கிடந்தன என்று சொல்வது மிகையாகாது. அந்த வெற்றிடத்தில் திலாப்பியா வந்து புகுந்தது. உகாண்டாவின் ஜார்ஜ் ஏரியில் மோரியார்ட்டி என்பவர் நடத்திய ஆராய்ச்சியிலிருந்து, இந்த வகை மீனின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானதென்றும், மற்ற மீன்களுக்குச் செரிக்காத நீலப்பச்சைப் பாசியின் சுவரைக்கூட அது கரைத்துவிடுகிறதென்றும் தெரியவந்தது. பச்சைத் தண்ணீரை மாம்சமாக மாற்றுகிற இந்த வித்தையால், முன்பு வியாபாரமாக மீன் பிடிக்கும் தொழிலே இல்லாதிருந்த உள்நாட்டுக் குளக்கரைகளில் படகும் வலையும் தோன்றின. கடற்கரையிலிருந்து வெகுதூரத்தில் வாழ்ந்த ஏழை விவசாயிக்கு, கருவாட்டைத் தவிர வேறு மீன் அறியாதிருந்த இல்லங்களில், புதிய மீன் மலிவாகக் கிடைத்தது. தீவின் உள்நாட்டு மீன்வரவில் பெரும்பாகம் அன்றுமுதல் இன்றுவரை திலாப்பியாதான்.

இதில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. இலங்கைக் குளத்து மீன் தீனியின்றி வளர்கிறது. எனினும் அதை முழுக்கக் காட்டு மீன் என்று சொல்ல முடியாது. குளம் மனிதன் கட்டியது, மீன் மனிதன் விட்டது, வலையின் கண்ணளவு 8.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாதென்பது சட்டம் விதித்தது. 1990இல் அரசாங்கம் மதக் காரணங்களை முன்னிட்டு உள்நாட்டு மீன்வளத்துக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டபோது, மேற்பார்வை தளர்ந்து, கண் சிறுத்த வலைகள் பெருகின. 1994க்குப் பிறகு ஆதரவு மீண்டும் வந்தது. பண்ணையாளன் குளத்தைக் கவனிப்பதுபோல யாராவது கவனிக்க வேண்டிய மீன்பிடிப்பாகவே அது இருந்து வருகிறது.

இந்தியாவில் அனுபவம் வேறு விதமாக அமைந்தது. இங்கே குளங்களில் ஏற்கெனவே கட்லா, ரோகு, மிரிகால் என்ற பெருங்கெண்டைகளை வளர்க்கும் சம்பிரதாயம் இருந்தது. புதிய விருந்தாளி அவற்றின் ஆகாரத்தில் பங்கு கேட்டது. அதைவிடப் பெரிய தொல்லை அதன் சந்தானப் பெருக்கம். இரண்டு மூன்று மாதத்தில் பருவமெய்தி, மாதத்துக்கொரு முறை வாய் நிறையக் குஞ்சு பொரித்து, சீக்கிரத்திலேயே குளம் முழுவதையும் விரல் நீள மீன்களால் நிரப்பிவிடுகிறது. இடமும் இரையும் போதாமல் எதுவும் வளருவதில்லை. ராஜஸ்தானத்து ஜெய்சமந்த் ஏரியில் திலாப்பியா நுழைந்த பின் பெருங்கெண்டைகளின் சராசரி எடை குறைந்துபோயிற்று என்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் உதாரணம். 1959இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இந்த மீனைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. தடை காகிதத்தில் இருந்தது. மீன் தண்ணீரில் இருந்தது. அதற்குள் தென்னாட்டு அணைகளில் அது விடப்பட்டிருந்தபடியால், அமராவதி, வைகை, கிருஷ்ணகிரி முதலிய தேக்கங்களில் வலையில் விழுவதில் கணிசமான பங்கு அதுவே ஆயிற்று. மதகு வழியாகவும், வாய்க்கால் வழியாகவும், குஞ்சு வியாபாரிகளின் பானை வழியாகவும் கண்மாய்க்குக் கண்மாய் சென்றது. தடையின் ஒரே பலன், எழுபதாண்டுக் காலம் யாரும் தேர்ந்தெடுத்து அபிவிருத்தி செய்யாத, உடன்பிறப்புகளோடு கலந்து கலந்து குறுகிப்போன ஒரு ஜாதியை நமக்கு விட்டுவைத்ததே என்று நான் கருதுகிறேன். கையளவு மீனும் அதில் பாதி தலையுமாக இருக்கும் நம் ஏரி ஜிலேபியின் நிலைமைக்கு இந்தச் சரித்திரம் பெரிதும் காரணம்.

இதற்கிடையில் வெளியுலகத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1988இல் பிலிப்பைன்ஸில், சர்வதேச ஆராய்ச்சி நிலையமொன்றும் நார்வே நாட்டு மரபியல் நிபுணர்களும் அந்நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து, எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நான்கு தேசங்களின் நீர்நிலைகளிலிருந்து நைல் திலாப்பியாவைக் கொண்டுவந்து, ஆசியப் பண்ணைகளில் ஏற்கெனவே இருந்த நான்கு வகைகளோடு கலந்து, நன்றாக வளர்ந்தவற்றையே தலைமுறைக்குத் தலைமுறை பெற்றோராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து தலைமுறைக்குள் வளர்ச்சி வேகம் 85 சதவிகிதம் அதிகமாயிற்று. 'கிஃப்ட்' (மரபியல் ரீதியில் மேம்படுத்திய பண்ணைத் திலாப்பியா) என்று வழங்கும் வகை இதுதான். பெயரைக் கேட்டுச் சிலர் அயல் மரபணுவை ஊசியால் புகுத்திய மீனென்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் ஆதாரமற்றது. உழவன் நல்ல காளையைத் தேர்ந்தெடுத்துப் பொலிக்கு விடும் பழைய முறையே இங்கும் கைக்கொள்ளப்பட்டது. காட்டு மீன் பண்ணை மீன் என்ற வாதத்தில் இதற்கு ஒரு விசேஷம் உண்டு: ஆப்பிரிக்க ஆறுகளின் காட்டு ரத்தம் நேராகக் கலந்திருப்பது பண்ணை மீனில், பல தலைமுறை அடைபட்டுக் கிடந்து நலிந்தது நம் 'இயற்கை' மீனில். சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீருயிர் வளர்ப்பு மையம் விஜயவாடா அருகே இந்த வகையை வளர்த்துப் பெருக்கும் நிலையத்தை நிறுவிய பிறகு, அனுமதி பெற்ற பண்ணைகளில் இந்தியாவிலும் அது வளர்க்கப்படுகிறது. ஆண் குஞ்சுகளையோ மலட்டுக் குஞ்சுகளையோ மட்டும் விட வேண்டும், வெள்ளம் புகாத இடமாக இருக்க வேண்டும், மீன் தப்பாதபடி தடுப்பும் பறவை தூக்காதபடி மேல்வலையும் வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

ஆண் குஞ்சு மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் பொதுமக்களின் பெரிய அச்சம் பிறக்கிறது. பொரித்துச் சில நாட்களே ஆன, பால் பேதம் இன்னும் உறுதிப்படாத நுண் குஞ்சுகளுக்கு, ஆண்மைச் சுரப்பைச் சிறிதளவு கலந்த தீனியைச் சுமார் மூன்று நான்கு வாரம் கொடுத்தால், பெண்ணாக வேண்டியவையும் ஆணாகவே வளர்கின்றன. முட்டையிடும் வேலையில்லாததால் தின்பதெல்லாம் உடம்பாகிறது. குளமும் குஞ்சுகளால் நிரம்புவதில்லை. கடையில் நாம் வாங்குவது அதற்குப் பின் ஐந்தாறு மாதம் வெறும் தீனியில் வளர்ந்து, ஒரு கிராமில் சிறு பகுதியாக இருந்த நிலையிலிருந்து அரைக் கிலோவாகப் பெருத்த மீன். மருந்து நின்ற சில நாட்களிலேயே உடலிலிருந்து அது நீங்கிவிடுகிறதென்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆகவே உண்பவர் பயப்படுவதற்குக் காரணம் மிகச் சொற்பம். மருந்தைக் கையால் கலக்கிற குஞ்சுப் பொரிப்பகத் தொழிலாளியின் விஷயமும், அந்தத் தொட்டித் தண்ணீர் வடிகிற வாய்க்காலின் விஷயமும் அப்படியல்ல. அவற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களின் குரல்தான் அதிகம் கேட்பதில்லை. மருந்தே இல்லாமல், பிறக்கும் சந்ததி யாவும் ஆணாகவே இருக்கத் தக்க தந்தை மீன்களை உண்டாக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் அதற்குத் தலைமுறைக் கணக்கில் பொறுமை வேண்டும், மூன்று வாரத் தீனிக்கு அது வேண்டியதில்லை.

தீனியின் விஷயத்தில் திலாப்பியா கொடுவாவைப் போலவோ சால்மனைப் போலவோ மற்ற மீன்களை அரைத்து ஊட்ட வேண்டிய மாமிசபட்சிணி அன்று. சோயாப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் தவிடும் போதும். ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் தீனி தின்று ஒரு கிலோ உடம்பு போடும். 2020ஆம் ஆண்டில் உலகப் பண்ணைகளில் விளைந்த நைல் திலாப்பியா மட்டும் 44 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய தொழிலில் நல்லவரும் உண்டு, கெட்டவரும் உண்டு. குளத்தின் மேலேயே கோழிக் கொட்டகை கட்டி, எச்சம் நேரே தண்ணீரில் விழுந்து பாசி வளரும்படி செய்வது ஆசியாவில் பல இடங்களில் பழக்கம். எச்சத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள், மாடு குளிக்கும் ஊருணி மீனை மகிழ்ந்து உண்பதை நினைத்துப் பார்க்கலாம்; எச்சத்தைவிட ஆபத்தானது, கோழிக்குக் கொடுத்த நோய்க்கொல்லி மருந்து அந்த வழியே குளத்துக்கு வருவதுதான். நெருக்கி வளர்க்கும் இடத்தில் நோய் பரவுவதும் இயல்பு. இஸ்ரேலில் 2014இல் அடையாளம் காணப்பட்ட திலாப்பியா ஏரி வைரஸ் பிறகு பல கண்டங்களிலும் தலைகாட்டி, நம் தேசத்துக்கும் வந்திருக்கிறது. அது மனிதருக்குத் தொற்றுவதில்லை. பண்ணையாளரின் முதலீட்டைத்தான் தின்றுவிடுகிறது.

தண்ணீரின் கேள்வி எவ்வளவு விபரீதமாகத் திரும்பக்கூடும் என்பதற்கு எகிப்தைவிட நல்ல சாட்சி இல்லை. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னை நெருங்கும் திலாப்பியாவை வளர்க்கிற அத்தேசத்தில், 1983ஆம் வருஷத்துச் சட்டம், குஞ்சுப் பொரிப்பகங்களைத் தவிர மற்ற மீன்பண்ணைகள் நைல் நதியின் நல்ல தண்ணீரைத் தொடக் கூடாதென்று விதித்தது. வயல்களிலிருந்து வடிந்து வரும் வடிகால் நீரைக்கொண்டே வளர்க்க வேண்டியிருந்தது. பயிருக்கு முதல் உரிமை, மீனுக்கு எச்சம். இதைக் கேட்டவர் உடனே ஏரி மீனைத் தேடி ஓடுவாரானால், கழிமுகத்திலுள்ள மன்சாலா என்ற பேரேரியின் கதையைக் கேட்கட்டும்: கெய்ரோ நகரத்தின் கிழக்குப் பகுதியினுடைய சாக்கடையையும் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்து வந்த பஹர் எல்-பக்கர் வடிகால் பல்லாண்டுகள் அதில்தான் சங்கமமாகிவந்தது. அங்கே பிடிபட்ட திலாப்பியாவும் முறைப்படி காட்டு மீனே. நம் பெருநகரங்களைச் சூழ்ந்த ஏரிகளின் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. சுதேச மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும் தண்ணீரில் ஜிலேபிக் கெண்டை ஒன்றே உயிரோடு திரிகிறதென்றால், அதை மீனின் பெருமையாகக் கொள்ளலாமேயொழிய, ஏரியின் நற்சாட்சிப் பத்திரமாகக் கொள்ளக் கூடாது. கன உலோகங்களும் பாசி நஞ்சும் சதையைவிட ஈரலிலும் செவுளிலும் குடலிலுமே அதிகமாகச் சேர்கின்றன. ஆகையால் அத்தகைய நீர்நிலை மீனைத் தவிர்ப்பதே உத்தமம், தவிர்க்க முடியாதவர் அந்த உறுப்புகளையாவது சுத்தமாக அகற்றிவிட வேண்டும்.

இனி ருசி. ஜிலேபிக் கெண்டையைப் பழிக்கிறவர்கள் அனைவரும் ஒருமித்துச் சொல்லும் குற்றம் மண்வாடை. முதல் மழை விழுந்தவுடன் தரையிலிருந்து எழும் அதே மணம்தான் இது. ஜியோஸ்மின் என்ற பொருளும் அதனோடு உறவுள்ள இன்னொன்றும் இதற்குக் காரணம். தண்ணீரிலுள்ள நீலப்பச்சைப் பாசியும் சேற்றிலுள்ள சில நுண்ணுயிர்களும் அவற்றை உண்டாக்குகின்றன. மீன் அவற்றைச் செவுள் வழியாக உறிஞ்சித் தன் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித நாசி கண்டுபிடித்துவிடும் அபூர்வப் பொருள் அது. மீன் ஏரியில் வளர்ந்ததா பண்ணையில் வளர்ந்ததா என்பதை இந்த வாடை அறியாது; பாசி பூத்த தேங்கிய தண்ணீர் எதுவானாலும் அது வந்துவிடும். பரிகாரமும் தண்ணீரிலேயே இருக்கிறது: பிடித்த மீனைத் தீனியின்றித் தெளிந்த ஓடும் நீரில் சில நாள் விட்டுவைத்தால் வாடை தானே நீங்கிவிடுகிறது. நல்ல பண்ணையாளர் இதைச் செய்துதான் விற்கிறார். கண்மாயில் பிடிக்கிறவருக்கு அதற்கு வசதியில்லை. விராலைப் பானைத் தண்ணீரில் இரண்டு நாள் நீந்தவிட்டுப் பிறகு அறுக்கும் நம் பாட்டிமார் இந்த ரகசியத்தை அறிந்தே இருந்தார்கள். அவர்கள் அறிந்த இரண்டாவது ரகசியம் புளி. ஜியோஸ்மின் புளிப்புக்கு ஆற்றாது. அமிலம் பட்டவுடன் சிதைந்து வாடையற்ற வேறு பொருளாகிவிடுகிறது. கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் கருஞ்சவ்வைச் சுரண்டியெடுத்து, கெட்டியான புளிக்கரைசலில் மாங்காயும் போட்டு மண்சட்டியில் கொதிக்கவிட்ட குழம்பில், மட்டமான ஏரி மீன்கூட மரியாதையாக நடந்துகொள்கிறது. தோலுரித்து முள்ளெடுத்து வெள்ளைத் துண்டாக்கி வெண்ணெயில் வாட்டும் மேனாட்டு முறையோ, வாடையிருந்தால் மறைக்க வழியற்றது. தெளிந்த நீரில் விட்டுச் சுத்தப்படுத்திய பண்ணை மீன்தான் அதற்குத் தகும். கெண்டை வகைகளில் சதைக்குள் ஊடாடி நிற்கும் நுண்முட்கள் இந்த மீனில் இல்லை என்பது, குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் சாமானியமான குணமன்று.

போஷாக்கைப் பற்றி 2008இல் ஒரு கலவரம் எழுந்தது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பண்ணைத் திலாப்பியாவில் ஒமேகா-3 கொழுப்பு மிகக் குறைவென்றும் ஒமேகா-6 வகை அதிகமென்றும் எழுதியதைப் பத்திரிகைகள் பற்றிக்கொண்டு, பேக்கன் என்ற பன்றியிறைச்சியைவிட இது கெடுதலென்று பறைசாற்றிவிட்டன. கொழுப்பின் விகிதத்தைப் பார்த்தவர்கள் அளவைப் பார்க்க மறந்தார்கள்: 100 கிராம் பச்சை மீனில் மொத்தக் கொழுப்பே இரண்டு கிராமுக்கு உட்பட்டது, புரதமோ 20 கிராம். வேறு நிபுணர்கள் உடனே மறுத்தெழுதினார்கள். பாசி தின்று வளர்ந்த மீனுக்குத் தானியத் தீனி தின்ற மீனைவிட ஒமேகா-3 சற்று அதிகமாக இருப்பது மெய். ஆனால் இதயத்துக்காக மீன் தின்ன விரும்புகிறவர் இரண்டையும் விட்டு, கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் மத்தியை வாங்குவதே புத்திசாலித்தனம். பாதரசம் சேராத மீன்களின் வரிசையில் திலாப்பியாவுக்கு நல்ல இடம் உண்டு. குறைந்த ஆயுளும் கீழ்ப்படி ஆகாரமும் அதற்குக் காரணங்கள்.

உண்பதைப் பற்றி இவ்வளவு சொன்ன பின், பிடிப்பதைப் பற்றிச் சொல்லாமலிருப்பது நியாயமாகாது. பண்ணை எக்காலத்திலும் கொடுக்க முடியாத இன்பம் அதில்தான் இருக்கிறது. பாசி தின்னும் மீனாகையால் பெரிய ஜிலேபி தூண்டிலை எளிதில் மதிப்பதில்லை. சிறு முள், மெல்லிய நரம்பு, எடையற்ற தக்கை, மண்புழுவின் துண்டு அல்லது பிசைந்த மைதா மாவு ஒரு மிளகளவு என்று எல்லாம் சிறியதாக இருக்க வேண்டும். தக்கை முழுகுவதற்குக் காத்திருக்கிறவன் ஏமாந்து போவான், அது நடுங்கும்போதே சுண்ட வேண்டும். கழற்றும்போது முதுகுத் துடுப்பைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி அழுத்தாதவன் கையில் ரத்தம் பார்ப்பான். தண்ணீர் தெளிந்த பருவத்தில், கரையோரத் தரையில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரியும். ஆண் மீன் வாயால் மண் அள்ளி வெட்டிய மணமேடை அது. அங்கே போடும் தூண்டிலைப் பசியால் அன்று, கோபத்தால் கவ்வுகிறது. அந்தக் குழிகளின்மேல் வீச்சு வலையை விரித்தால் கூட்டமாகவே வரும். வலையில் வந்த தாய் மீன், வாயிலிருந்த குஞ்சுகளைக் கரையில் உமிழ்ந்துவிட்டுத் துடிப்பதைக் கண்டு மனமிரங்குகிறவர்கள் உண்டு. இலங்கையில் இரவில் செவுள் வலை கட்டி, தண்ணீரைத் தடியால் அடித்து மீனை வலைக்கு விரட்டுவார்கள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில், கோடையில் கண்மாய் வற்றி முழங்காலளவு சேறாகும்போது ஊரார் வெள்ளைத் துண்டை வீசியவுடன் ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் ஏந்தி ஆயிரக்கணக்கானவர் ஒரே நேரத்தில் இறங்கும் மீன்பிடித் திருவிழாவில், விராலும் கெளுத்தியும் அதிர்ஷ்டசாலிகளுக்கு; வெறுங்கையோடு யாரும் வீடு திரும்பாதபடி காப்பது பெரும்பாலும் ஜிலேபியே. அங்கே பிடித்ததை விற்பதில்லை, அன்றைக்கே ஊர் முழுவதும் குழம்பு வைக்கிறது. இந்த மீனைச் சுதேச மீன்களின் சத்துரு என்று கருதுகிற விஞ்ஞானிகளுக்கும் இதில் ஆட்சேபம் இருக்க முடியாது. நம் நாட்டு ஏரியிலிருந்து எத்தனை ஜிலேபியைப் பிடித்துத் தின்றாலும் இயற்கைக்கு நஷ்டமில்லை, லாபமே உண்டு.

நஷ்டம் உள்ள இடம் ஒன்று இருக்கிறது. அது அந்த மீனின் தாய்நாடான ஆப்பிரிக்கா. விக்டோரியா ஏரியின் கரைவாசிகள் தலைமுறை தலைமுறையாக உண்டுவந்த ங்கேகே என்ற சுதேசத் திலாப்பியா, 1905இல் செவுள் வலை வந்தபின் குறையத் தொடங்கி, 1950களில் நைல் திலாப்பியா அங்கே விடப்பட்ட பிறகு ஏறக்குறைய ஏரியை விட்டே மறைந்தது. தெற்கே லிம்போப்போ ஆற்றுப் படுகையில், பண்ணைகளிலிருந்து தப்பிய நைல் திலாப்பியா மொசாம்பிக் திலாப்பியாவோடு கலந்து, கலப்பினம் பெருகி, அசல் இனம் அருகி வருகிறது. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஜீவராசிகளின் ஜாபிதாவில் இடம்பெற்ற அதே மீன், தன் சொந்த ஆறுகளில் அழிவின் அபாயத்துக்குட்பட்டது என்று சிவப்புப் பட்டியலிலும் ஏறியிருக்கிறது. காட்டு மீன் பண்ணை மீன் என்ற பேதம் ஜீவமரணப் பிரச்சினையாக இருப்பது உண்பவனுக்கன்று, அந்த ஆறுகளுக்குத்தான். மலாவி தேசம் இதை உணர்ந்து, தன் பேரேரியின் சொந்த இனங்களைக் காப்பதற்காக நைல் திலாப்பியாவை வளர்க்க அனுமதி மறுத்து, சுதேச இனங்களையே பண்ணைகளில் வளர்க்கச் சொல்லியிருக்கிறது. அவை மெதுவாக வளர்கின்றன. பக்கத்து நாடுகளின் பண்ணையாளர்கள் ஆறு மாதத்தில் காணும் எடையைத் தாங்கள் காண முடியவில்லையென்று அந்நாட்டு விவசாயிகள் முறையிடுகிறார்கள், சர்க்காரும் விஞ்ஞானிகளும் அவர்களுக்காக உள்ளூர் இனத்திலேயே வேகமாக வளரும் வம்சத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் முனைந்திருக்கிறார்கள்.